கரண்ட் வந்துச்சு, கனெக்‌ஷன் வரல: கான்ஃபிக் (செட்டிங்ஸ் எழுதி வைக்கிற) ஃபைல்ல மாட்டுனவங்க அனுபவத்தச் சொல்லுங்க

நான் திருத்துறைப்பூண்டி பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் கரையேறுனத நம்ம ஆளுங்க யாரும் மறக்க மாட்டோம். எங்க ரைஸ் மில்லுல எடை மேடைகிட்ட ஒரு ராஸ்பெர்ரி பை (ஒத்த போர்டுல இருக்க சின்ன கம்ப்யூட்டர்) வச்சிருந்தேன், வர்ற நெல்லோட எடைய டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) வழியா வெளில இருக்க சர்வருக்கு அனுப்பும். போஸ்ட் மரமெல்லாம் சாஞ்சு கரண்ட் வர மூணு வாரத்துக்கு மேல ஆயிடுச்சு. வந்த அன்னிக்கு ஆன் பண்ணா நெட் இருக்கு, ஆனா நடந்தத எழுதி வைக்கிற லாக் ஃபைல் பூரா "சர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடியாகல"ன்னு ஒரே எர்ரர். சர்டிஃபிகேட்னா எதிர்ல இருக்கது சரியான சர்வர்தான்னு காட்டுற அடையாளச் சீட்டு மாதிரி. காலாவதி ஆயிடுச்சுன்னா புரியும், இன்னும் செல்லலன்னா என்னங்க அர்த்தம்?

தெரிஞ்ச ஒருத்தர் "கான்ஃபிக்ல வெரிஃபைய ஃபால்ஸ்னு போட்டுடு தம்பி, ஓடிடும்"னாரு. அதாவது சர்டிஃபிகேட்ட சரிபாக்காதன்னு அர்த்தம். போட்டேன், ஓடுச்சு. ஆனா மனசு ஒப்பல. எதிர்ல இருக்கது நம்ம சர்வர்தானான்னே பாக்காம கணக்க அனுப்புறோம், நடுவுல எவனாவது எடைய மாத்துனா கண்டுபிடிக்க வழியில்ல, மூட்டைக்கு 2 கிலோ கொறஞ்சாலும் புயல்ல தப்பிச்ச நெல்ல கொண்டாந்த விவசாயி வயித்துலதான் அடி. மறுநாளே அந்த வரிய எடுத்துட்டேன்.

அப்புறம் போர்டுல என்ன தேதி ஓடுதுன்னு டேட் கமாண்ட் அடிச்சுப் பாத்தா அதுல இன்னும் நவம்பர் 16! அந்த போர்டுல கடிகாரத்துக்குன்னு பேட்டரி கெடையாது, கரண்ட் போறதுக்கு முன்ன கடைசியா சேமிச்ச நேரத்துலேர்ந்துதான் எண்ண ஆரம்பிக்கும். நாங்க இருட்டுல கெடந்தப்ப சர்வர்ல லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கிற இலவச சேவை குடுக்குற சர்டிஃபிகேட் (அப்ப அதுக்கு 90 நாள்தான் ஆயுசு) டிசம்பர் தேதில புதுசா மாறிருக்கு, ராஸ்பெர்ரி பையோட கணக்குல அது இன்னும் பொறக்கவே இல்ல. நெட் வந்தும் நேரம் ஏன் தானா சரியாகலன்னா, எது வெளில போலாம்னு தீர்மானிக்கிற ஃபயர்வால் ஃபைல்ல 443 (டிஎல்எஸ் போற போர்ட்), டிஎன்எஸ் (சர்வர் பேர வச்சு முகவரி தேடுறது) தவிர எதையும் வெளில விடாம நான்தான் பூட்டி வச்சிருந்தேன், நெட்லேர்ந்து நேரத்த வாங்குற என்டிபிக்கு யுடிபி 123ங்கிற போர்ட் வேணும். அந்த வரியச் சேத்தேன், பேட்டரியோட ஓடுற டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒண்ணும் வாங்கி மாட்டுனேன், அதுலேர்ந்து எத்தன தடவ கரண்ட் போனாலும் தொல்லை இல்ல.

கும்பகோணத்துலேர்ந்து ஒருத்தர் பதில்:
அண்ணே, எங்க கத வேற. குத்துவிளக்கு விக்கிற கடைக்கு சைட் போட்டுக் குடுத்தேன், கம்ப்யூட்டர் குரோம்ல நல்லா தெறக்குது, கடைக்காரர் போன் ஆப்புல மட்டும் கனெக்ட் ஆகல. எனக்கும் வெரிஃபைய அணைக்கச் சொல்லித்தான் யோசனை வந்துச்சு, பணம் கட்டுற எடத்துல எப்படி அணைக்கிறது? டிஎல்எஸ் இணைப்ப சோதிக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ட் கமாண்ட் போட்டுப் பாத்தப்ப வெரிஃபை எர்ரர் 21, அதாவது முதல் சர்டிஃபிகேட்ட சரிபாக்க முடியல. எஞ்சின்எக்ஸ் (வெப் சர்வர்) கான்ஃபிக் ஃபைல்ல ஃபுல்செயின் பெம் (முழுச் சங்கிலியும் இருக்க ஃபைல்) குடுக்க வேண்டிய எடத்துல வெறும் செர்ட் பெம் (சைட்டோட சர்டிஃபிகேட் மட்டும்) குடுத்துருக்கேன், நம்ம சர்டிஃபிகேட்டையும் போன் நம்புற மூல சர்டிஃபிகேட்டையும் இணைக்கிற இடைநிலை சர்டிஃபிகேட்ட சர்வர் அனுப்பவே இல்ல. குரோம் அத தானா தேடி எடுத்துக்குது, ஆப் எடுக்கல. ஒத்த வார்த்தை மாத்தி ரீலோட் பண்ணேன், முடிஞ்சுது.

பட்டுக்கோட்டைலேர்ந்து இன்னொருத்தர்:
தென்னந்தோப்பு மோட்டாருக்கு சிம் போட்ட நெட் டாங்கிள்ல வயர்கார்டு (வெளிலேர்ந்து பாதுகாப்பா உள்ள போற விபிஎன்) போட்டுருக்கேன், கொஞ்ச நேரம் சும்மா இருந்தா வெளிலேர்ந்து உள்ள போக முடியாது. தோப்புப் பக்கத்து கான்ஃபிக்ல பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25னு (25 செகண்டுக்கு ஒருக்கா ஒரு சின்ன சிக்னல் அனுப்பி வழிய தெறந்தே வைக்கும்) போட்டதும் அந்தத் தொல்லை நின்னுடுச்சு. திருத்துறைப்பூண்டி அண்ணே, அந்த கடிகார மாட்யூலுக்கு பேட்டரி எத்தன வருசம் வருது?