வீட்டு வாட்ஸ்அப் குழு: ‘நம்ம குடும்பம்’

அத்தை: முரளி ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான கிளெய்மை இன்சூரன்ஸ் கம்பெனியில் நிராகரித்துவிட்டார்கள். மனநோய்க்குப் பாலிசி கிடையாதாம்.

பெரியப்பா: இதையெல்லாம் குரூப்பில் போட வேண்டுமா? நாளைக்கு வேலைக்குப் போகிற பையன்.

அத்தை: உங்கள் பைபாஸுக்கு இதே குரூப்பில்தான் ரத்தம் கேட்டோம் அண்ணா.

முரளி: பெரிய மாமா, நானும் இங்கேதான் இருக்கிறேன் 🙂 அம்மா என்னைக் கேட்டுத்தான் போட்டார்கள்.

கவிதா அக்கா: அத்தை, அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அத்தை: 📷 போட்டோ

கவிதா அக்கா: ‘மனநலக் கோளாறுகள் விலக்கு’ என்று மட்டும்தான் இருக்கிறது. அப்படியென்றால் விடாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4): உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். எல்லா பாலிசியும் இதன்படி இருக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2022 அக்டோபரில் திரும்பவும் உத்தரவு போட்டது. 2021-ல் இதே மாதிரி ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் பணத்தைக் கொடுக்கச் சொன்னது.

பெரியப்பா: கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் செலவு?

கவிதா அக்கா: கோர்ட்டே வேண்டாம் பெரியப்பா. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது கம்பெனிக்கு வெளியே இருந்து இந்தப் புகார்களை விசாரிப்பவர். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அப்படி மறுத்த நாளிலிருந்தோ, அந்த 30 நாள் முடிந்ததிலிருந்தோ ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். ‘நோயை மறைத்தீர்கள்’, ‘காத்திருப்புக் காலம்’ என்று எழுதியிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன்.

அத்தை: மாத்திரைச் செலவும் அதில் வருமா?

கவிதா அக்கா: அங்கேதான் இடிக்கிறது. பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். ஸ்கிசோஃப்ரினியா மாதிரி மனநோய்க்கு அட்மிஷன் சில வாரம், மாத்திரை வருடக்கணக்கில். ஆனால் அதே சட்டத்தின் 18-வது பிரிவுப்படி அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை அரசு மருத்துவமனையில் இலவசம். டாக்டர் சீட்டோடு அங்கே மனநலப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். வேறு மருந்து கொடுத்தால் நம் டாக்டரிடம் சொல்லாமல் மாற்ற வேண்டாம்.

முரளி: நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும் அக்கா.

பெரியப்பா: டிஸ்சார்ஜ் சம்மரி, பில், பாலிசி மூன்றையும் எனக்கு அனுப்பு. புகார்க் கடிதம் நான் டைப் செய்கிறேன்.

முரளி: கையெழுத்து நானா, அம்மாவா?

கவிதா அக்கா: பாலிசி யார் பெயரில்?

அத்தை: என் பெயரில்.

கவிதா அக்கா: அப்போ நீங்கள்தான். ஈமெயிலிலும் அனுப்புங்கள், தேதி பதிவாகும்.