'ரேஸ் டு த பாட்டம்': 'விதித்தளர்வுப் போட்டி' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

'ரேஸ் டு த பாட்டம்' (race to the bottom) என்ற ஆங்கிலப் பொருளியல் தொடருக்குத் தமிழாக முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட 'அடிமட்டப் போட்டி' எனக்கு ஏற்புடையதாக இல்லை. 'அடிமட்டத் தொண்டர்', 'அடிமட்ட ஊழியர்' என்று நாளிதழ்களில் படித்துப் பழகிய வாசகர், அதை எளிய மனிதர்களுக்கு இடையேயான போட்டி என்றே எடுத்துக்கொள்வார்; நாம் சுட்ட வேண்டியதோ, முதலீட்டையும் ஏற்றுமதி ஆர்டர்களையும் ஈர்ப்பதற்காக அரசுகள் கூலி, வரி, சுற்றுச்சூழல் விதிகளை ஒன்றையொன்று முந்திக்கொண்டு தளர்த்தும் போக்கு. ஆகவே 'விதித்தளர்வுப் போட்டி' என்பதை முன்வைக்கிறேன்.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். பனியன் ஏற்றுமதி அந்த ஊருக்கும், தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களுக்கும் கொடுத்த வாழ்வை உலகமயமாக்கலின் வரவாக எழுதத்தான் வேண்டும். அதே காலத்தில் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரை வயலுக்குப் பாய்ச்ச முடியாமல் உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதிக்குச் செலவழிக்கும் ஊர், அத்தகைய விதி இல்லாத ஊர்களோடு விலையில் மோத வேண்டியிருக்கிறது. வணிகம் தந்த வேலையையும் தளர்ந்த விதி தந்த கேட்டையும் தனித்தனியே எடைபோட இச்சொல் இடம் தருகிறது என்பதே என் முதன்மையான வாதம்.

'தளர்வு' எதற்கு, 'நீக்கம்' போதாதா என்ற கேள்வியும் எழுந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில், ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கட்டட விதிகள் ஏட்டில் இருக்கத்தான் செய்தன. மேல்மாடிகள் அனுமதியின்றி எழுப்பப்பட்டிருந்தன, முந்தைய நாளே விரிசல் கண்டும் தொழிலாளர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். நீக்கப்படாமலேயே செயலற்றுப்போன விதியை 'நீக்கம்' குறிக்காது. அதன்பின் ஆடை வாங்கும் நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு கட்டடப் பாதுகாப்புக்காகச் சட்டப் பிணைப்புள்ள ஒப்பந்தம் செய்துகொண்டன. விதியை இறுக்கவும் அதே வணிகத் தொடர்பு பயன்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வரிக்கும் இச்சொல் பொருந்தும். 2021-இல் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் பன்னாட்டுப் பெருநிறுவனங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரி விதிக்க ஒப்புக்கொண்டது, இந்தப் போட்டிக்கு வரம்பு கட்டத்தான்.

தலைப்புகளுக்கு நீளம் என்றால், முதலில் முழுச்சொல்லையும் பின்னர் 'தளர்வுப் போட்டி' என்றும் எழுதலாம். பொருளியல் கற்பிக்கும் நண்பர்கள் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.