யேசுதாஸை நேரில் கேட்டவர்கள் வந்து சொல்லுங்கள்

சிப்புட் லயத்துப் பையன்:

நேற்று இரவு சுங்கை சிப்புட் டவுனில் நாலு பேர் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு செம்பனை விலை, பிள்ளைகள் படிப்பு என்று எங்கெங்கோ சுற்றி யேசுதாஸில் வந்து நின்றது. மூன்று பேர் அவரை நேரில் கேட்டவர்கள். ஆனால் மூன்று பேர் சொன்னதும் மூன்று வேறு ஆட்களைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது. அதுதான் இங்கே கேட்கலாம் என்று வந்தேன். முதலில் என் கதை.

நான் ஐந்தாம் படிவம் முடித்த வருடம் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் ஒரு பஸ் பேசினார்கள், கோலாலம்பூரில் யேசுதாஸ் கச்சேரி என்று. அப்பா பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர். விடியும் முன்பே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பால் பிடிக்கும் மங்கு துடைத்து, வாளி தூக்கி வீட்டுக்கு வந்தால் பகலில் ஒரு தூக்கம் போட்டே ஆகவேண்டும். அன்றைக்குத் தூங்கவில்லை. அம்மா புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டினார். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி, பஸ் ஓரத்திலேயே நின்றுகொண்டு சாப்பிட்டோம். வண்டி முழுக்க சினிமாப் பாட்டுதான், யார் எந்தப் பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது என்று அடிதடி வேறு.

உள்ளே போனால் மேடையில் கீபோர்டு இல்லை, ட்ரம்ஸ் இல்லை. வயலின், மிருதங்கம், கடம், தம்புரா, நடுவில் வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தாடியுமாக அவர். எங்கள் வரிசையில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சுத்தமான கர்நாடகக் கச்சேரி! யார் விசாரித்துவிட்டு பஸ் பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. வர்ணம் பாடினார், அப்புறம் ஒரு கீர்த்தனை, அப்புறம் இன்னொன்று. அப்பா என் காதில், "எப்படா பாட்டு பாடுவாரு?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணி இருக்கும், ஒரு ராகத்தை இழுக்க ஆரம்பித்தார். வார்த்தையே இல்லை, வெறும் குரல். பத்து நிமிடம் போயிருக்கும். அதுவரை நாற்காலியில் சரிந்து கிடந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய், இது சிந்து பைரவியில பாடுவாருல்ல, கலைவாணியே, அதுதானே?" கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். பக்கத்துப் பெரியவர் கண்ணைத் திறந்தார். நான் பயந்துவிட்டேன். அவர் அப்பாவைப் பார்த்து, "கல்யாணி. சரியாப் பிடிச்சிட்டீங்க. சங்கீதம் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அப்பா சொன்னார்: "இல்லீங்க, நான் மரம் வெட்டுறவன்."

அப்புறம் கச்சேரி முடியும்வரை அந்தப் பெரியவர் ஒவ்வொரு உருப்படிக்கும் அப்பா பக்கம் குனிந்து ராகத்தின் பேரைச் சொன்னார். பதிலுக்கு அப்பா, அந்த ராகத்தில் தனக்குத் தெரிந்த சினிமாப் பாட்டைச் சொன்னார். பாதி தப்புதான். மீதிப் பாதி சரி! திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் பலபேர் காசு வீண் என்று கமிட்டியைத் திட்டினார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. ஈப்போ தாண்டியதும், "அந்தக் கல்யாணியை இன்னொரு வாட்டி கேக்கணும்டா" என்றார்.

இது என்னுடையது. மற்றவர்கள் வாருங்கள்.

கிராணி வீட்டுப் பெண்:

தம்பி, உங்கள் அப்பா கதை படித்து எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் மலையாளிகள். அப்பா தோட்டத்து ஆபிஸில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். உங்களுக்கே தெரியும், அந்தக் காலத்தில் கிராணி வீடு மேட்டில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் பள்ளத்தில். நடுவில் ஒரு கால்வாய்தான், ஆனால் அதைத் தாண்டி யார் வீட்டுக்கு யார் போகலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. லயத்துப் பிள்ளைகளோடு விளையாடினேன் என்று பாட்டியிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் அப்பா முதலில் கேட்பது கேசட்தான். யேசுதாஸ் 1980ல் தரங்கிணி என்று சொந்தக் கம்பெனி தொடங்கிய பிறகு வந்த கேசட்டுகள் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. சாயங்காலம் ஆறரைக்கு அப்பா ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுவார். கால்வாய் ஓரத்துக் கல்லில் லயத்து ஆண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்வார்கள். அவர்களுக்கு மலையாளம் புரியாது, அப்பாவும் வெளியே வந்து வாங்க உட்காருங்க என்று கூப்பிடமாட்டார். ஆனால் கேசட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய்விடக்கூடாது என்று அவசரமாகத் திருப்பிப் போடுவார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்குப் பாலக்காடு பக்கம். யேசுதாஸின் குரு செம்பை வைத்தியநாத பாகவதரின் கிராமமும் அந்தப் பக்கம்தான். அதனால் யேசுதாஸ் குரலில் பாதி எங்கள் ஊர்ச் சொத்து என்று பேசுவார், அவர் பிறந்த கொச்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பாகவதரிடம் படித்த சீடர், ஆனால் பாகவதர் உயிரையே வைத்திருந்த குருவாயூர் கோயிலுக்குள் போக முடியாது, கிறிஸ்தவராகப் பிறந்ததால். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குக் கோபம் வரும். 1961ல் முதல் முதலாகச் சினிமாவுக்குப் பாடியதே நாராயண குருவின் வரிகள், சாதி பேதமும் மத வெறுப்பும் இல்லாமல் எல்லாரும் சகோதரராக வாழும் இடம் பற்றி. இதையும் அப்பாதான் சொன்னார், மேட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டு! அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நேரில் பார்த்தது கொல்லூர் மூகாம்பிகை கோயிலில். ஜனவரி 10 அவர் பிறந்தநாள், பல வருடங்கள் அன்றைக்கு அங்கே வந்து பாடிக்கொண்டிருந்தார். அப்பா இறந்த அடுத்த வருடம் நானும் அம்மாவும் போனோம். கூட்டத்தில் நசுங்கினோம், அம்மாவின் ஒரு செருப்பு போச்சு. முகம் சரியாகத் தெரியவில்லை, தலைகளுக்கு நடுவே தாடியின் வெள்ளை மட்டும் அவ்வப்போது தெரிந்தது. பாட்டு காதில் விழுந்ததும் அம்மா என் கையைப் பிடித்து, "ஜன்னலைத் திற" என்றார். நாங்கள் இருந்தது வெட்டவெளியில். எனக்குப் புரிந்தது.

பழைய மண்டோர்:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. ஆனால் நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. எனக்கு சீர்காழி கோவிந்தராஜன்தான். அவர் இருந்தது 1933லிருந்து 1988வரை, ஐம்பத்தைந்து வருடம்தான். தமிழிசையில் முறையாகப் படித்துவிட்டு சினிமாவுக்கும் பாடினார், கோயிலுக்கும் பாடினார். நேரில் ஒரே ஒரு தடவை கேட்டேன். பாதியில் மைக் செத்துவிட்டது. நாங்கள் கூச்சல் போட ஆரம்பித்தோம். அவர் கையைக் காட்டி அமர்த்திவிட்டு மைக் இல்லாமலே பாடினார், கடைசி வரிசையில் நின்ற எனக்கு ஒரு எழுத்துகூட விழாமல் போகவில்லை. அது தொண்டையா, வெண்கல மணியா!

யேசுதாஸ் குரல் வெண்ணெய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழ் உச்சரிப்பு? அங்கங்கே இடிக்கும். 1964ல் பொம்மை படத்தில் தமிழுக்கு வந்தவர், இத்தனை வருடத்தில் சரி செய்திருக்கலாம். கிராணி வீட்டம்மா கோபித்துக்கொள்ளக்கூடாது. உங்கள் அப்பா போட்ட கேசட்டைக் கல்லில் உட்கார்ந்து கேட்டவர்களில் நானும் ஒருவனாக இருக்கலாம், எந்தத் தோட்டம் என்று நீங்கள் சொல்லவில்லையே.

சவுண்டு செட்:

மண்டோர் ஐயா, உச்சரிப்பு வழக்கை விட்டுவிடுங்கள். எட்டு தேசிய விருது வாங்கியவர், மலையாளம், இந்தி, தெலுங்கு எல்லாவற்றுக்கும் உண்டு, தமிழ்ப் பாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. சிந்து பைரவிக்கும் சித்ராவுக்குத்தான் கிடைத்தது. நாம்தான் கடன்பட்டிருக்கிறோம்.

நான் இருபத்தைந்து வருடமாகக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சவுண்டு செட் கட்டுகிறவன். ஐயப்ப சீசனில் தினமும் பூஜை முடிந்ததும் ஹரிவராசனம் போடவேண்டும். 1975ல் சுவாமி ஐயப்பன் படத்துக்காக தேவராஜன் மாஸ்டர் இசையமைத்து இவர் பாடியது. மத்யமாவதி ராகம். கச்சேரியில் என்ன பிழை நடந்திருந்தாலும் கடைசியில் இந்த ராகத்தைப் பாடினால் மன்னிப்பு என்று வித்துவான்கள் சொல்வார்கள், அதனால்தான் நடை சாத்தும் பாட்டுக்கு அவ்வளவு பொருத்தம். எனக்கு அது முதலில் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பாட்டுக்கு மட்டும் ட்ரெபிளை ஏற்றக்கூடாது, கோன் ஸ்பீக்கரில் கீச்சென்று போய்விடும், கீழ்க் குரல்தான் அதன் அழகு. ஒரு வருடம் என் பையன் அவசரத்தில் குத்துப்பாட்டைப் போட்டுவிட்டான். விளக்கெல்லாம் அணைத்து, சாமிமார் கண்ணை மூடி நிற்கிறார்கள். குருசாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

நான் கேட்டது கச்சேரி இல்லை, ஆர்க்கெஸ்ட்ராவோடு சினிமாப் பாட்டு நிகழ்ச்சி. ஏற்பாட்டுக்காரர்கள் ஏழரை மணி என்று போட்டு ஒன்பதரைக்குத் தொடங்கினார்கள். அரங்குக்குள் சத்தம், விசில், காலிப் போத்தல் உருண்டது. அவர் வந்தார், நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்லோகத்தை வாத்தியம் எதுவும் இல்லாமல் எடுத்தார். என் தொழில் புத்தி, மைக்கைத்தான் பார்த்தேன். மெல்லிய இடத்தில் கிட்ட வருகிறார், மேலே போகும்போது தலை தானாகப் பின்னால் போகிறது. மிக்சரில் உட்கார்ந்திருந்தவருக்கு வேலையே இல்லை. நம் உள்ளூர்ப் பாடகர்கள் மைக்கைக் கடித்துத் தின்பார்கள், நான் கையை எடுக்க முடியாது. இரண்டாவது ஸ்லோகத்துக்கு முன்பே அரங்கு அடங்கிவிட்டது. நிகழ்ச்சி முடிந்து கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, ஐந்து பேர் ஒரு காடியில் ஒருவர்மேல் ஒருவராக வீட்டுக்கு வந்தோம், ஆளுக்கு முப்பது வெள்ளி.

ஈப்போ மருமகள்:

நான் சின்னவள், ஆனாலும் சொல்கிறேன். கல்யாணமான முதல் வருடம் வீட்டுக்காரரோடு மார்கழியில் சென்னை போனேன், சேலை வாங்கத்தான். அவருடைய அத்தை எங்களை சபாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். சபா கேண்டீனில் வரிசை, உள்ளே கச்சேரிக்கும் வரிசை. நான் மெதுவடையின் பக்கம்தான் இருந்தேன். யேசுதாஸ் என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனேன்.

தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் தனியாக வாசிக்கும் இடம், வந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து காபி குடிக்கப் போனது எனக்கு அதிர்ச்சி. நம் ஊரில் மேளம் அடிக்கும்போதுதானே கூட்டம் கூடும்! உறுமி மேளம் அடிக்கும்போது எவனாவது எழுந்து போவானா? நான் உட்கார்ந்து கேட்டேன், மிருதங்கக்காரர் முடிக்கும்போது விசில் அடிக்கக் கை வாய்க்குப் போய்விட்டது, அத்தை பிடித்துக்கொண்டார். அப்புறம் யேசுதாஸ் கருணா செய்வான் என்ற மலையாளக் கீர்த்தனையைப் பாடினார். செம்பை பாகவதருக்கு ஒரு காலத்தில் குரல் போய்விட்டது, திரும்பக் கிடைக்கவேண்டும் என்று குருவாயூரப்பனிடம் வேண்டியவர், அவர் மனதுக்கு நெருங்கிய பாட்டு என்று அத்தை காதில் சொன்னார். குரு பாடிய பாட்டைச் சீடர் பாடுகிறார், கோயிலுக்கு வெளியே இருந்துகொண்டு. அக்கா எழுதியதைப் படித்த பிறகுதான் அது எனக்கு உறைக்கிறது. அன்றைக்கு, உண்மையைச் சொன்னால், வயதான குரல் அங்கங்கே கமறியதைத்தான் கவனித்தேன்.

கிராணி வீட்டுப் பெண்:

மண்டோர் ஐயா, எல்பில் பக்கம். மேட்டு வீடு, முன்னால் ஒரு ரம்புத்தான் மரம்.

பழைய மண்டோர்:

ரம்புத்தான் மரம், கால்வாய்க்கு மேல் இரண்டு பலகை போட்டிருக்கும். நான்தான் அம்மா. ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம், உங்கள் அப்பா ஒரு குடையைக் கொண்டுவந்து கல்லில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். நாலு பேருக்கு ஒரு குடை. மறுநாள் ஆபிஸில் திருப்பிக் கொடுத்தேன், என்ன குடை என்று கேட்டார்.

கிராணி வீட்டுப் பெண்:

அப்பா அப்படித்தான். பிஸ்கட் டின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது ஐயா. பாதிக் கேசட்டில் பூஞ்சணம்.

சவுண்டு செட்:

பூஞ்சணத்தைத் துணியால் துடைத்துவிடாதீர்கள் அக்கா, நாடா உரிந்துவிடும். அப்படியே கொண்டுவாருங்கள். என்னிடம் பழைய டெக் ஒன்று ஓடுகிற நிலையில் இருக்கிறது, மெதுவாக ஓட்டி கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். காசு வேண்டாம்.

சிப்புட் லயத்துப் பையன்:

அண்ணே, அதில் கல்யாணி ஏதாவது இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். அப்பாவுக்கு இப்போது காது மந்தம், பெரிய ஸ்பீக்கர் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் கடைக்கு மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். மண்டோர் ஐயாவும் வந்தால் நல்லது, சீர்காழி கேசட் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.