விஷுவல் நாவல் தமிழாக்கம்: படிப்பு குறைந்த நாயகியின் வசனத்தை எப்படி எழுதுவது?

மொழிமாற்றி:
ஜப்பானிய விஷுவல் நாவல் (படமும் குரலும் வசனமுமாகத் திரையில் படிக்கும் கதை விளையாட்டு) ஒன்றைத் தமிழாக்கி, அதற்கான மென்பொருளான ரென்பையில் ஏற்றுகிறோம். 19 வயது நாயகி ‘சூசோட்சு’, நடுநிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். அவள் வசனத்தில் கான்ஜி (சொற்பொருளைக் குறிக்கும் சீன வழி எழுத்து) குறைவு, பெரும்பாலும் ஹிராகானாதான் (ஒலியை மட்டும் குறிக்கும் எளிய எழுத்து). தமிழில் அதற்கு ஈடு என்ன? எல்லாவற்றையும் கொச்சையாக எழுதிவிடலாமா? இன்னொன்று, திரையில் ‘கொ’, ‘கோ’ உடைந்து வருகிறது.

கானாக்கிறுக்கன்:
கொச்சை வேண்டாம். அவள் எழுத்தறியாதவள் இல்லை. ஜப்பானில் கட்டாயக் கல்வியே தொடக்கப் பள்ளி 6, நடுநிலைப் பள்ளி 3, ஆக 9 ஆண்டு. தொடக்கப் பள்ளியிலேயே 1026 கான்ஜி பாடத்தில் உண்டு. அவள் திணறுவது ஒப்பந்தம், அரசுப் படிவம் மாதிரி இடங்களில்தான்.

முதலில் அவள் பேசுவதையும் கைப்பட எழுதுவதையும் பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சில் ஹிராகானா வந்தால் அது பிழையல்ல, குரலின் சாயல். சின்ன வாக்கியம், வீட்டுச் சொல், அது போதும். தெரியாத சொல்லை ஒலியாக மட்டும் திருப்பிச் சொல்லும் இடத்தில் “ஒப்பந்த... என்னமோ சொன்னீங்களே?” என்று பாதியில் விடுங்கள். ர/ற, ல/ள/ழ பிழையெல்லாம் அவள் கடிதத்துக்கு மட்டும், அதுவும் ஒன்றிரண்டு. கூடினால் வாசகர் அவளைப் பார்த்துச் சிரிப்பார். ஏதோ ஒரு வட்டார வழக்கைப் ‘படிக்காதவர் பேச்சு’ ஆக்குவது அதைவிட மோசம்.

நள்ளிரவு வாசகி:
கான்ஜியைத் தப்பாகப் படிக்கும் காட்சிகள் இருந்தால் கவனம். மாத வாடகை வாகன நிறுத்தப் பலகையில் இருப்பது ‘ட்சுகிகிமே’, அதாவது மாத ஒப்பந்தம். அதே கான்ஜியை வேறு ஒலியில் ‘கெக்கியோகு’ என்று தப்பாகப் படித்து நிறுவனப் பெயராக நினைப்பது அங்கே பழைய நகைச்சுவை. அடிக்குறிப்பு போட்டால் செத்துவிடும். “இந்தக் கெக்கியோகு கம்பெனிக்கு ஊரெல்லாம் இடம் இருக்கே!” என்று அவள் வியக்கட்டும், விளக்கத்தை நாயகனின் அடுத்த வரியில் வையுங்கள்.

கதையில் ‘கோனின்’ (உயர்நிலைப் பள்ளி முடித்த அளவு அறிவு உண்டு என்று சான்று தரும் தேர்வு) வந்தால் அதைப் ‘பிளஸ் டூ பாஸ்’ என்று மாற்றாதீர்கள். தேறினால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதலாம், ஆனால் உயர்நிலைப் பள்ளி முடித்தவள் ஆகமாட்டாள். ஏட்டில் அவள் இன்னமும் சூசோட்சுதான். அந்த வலி மொழிபெயர்ப்பில் காணாமல் போகக்கூடாது.

ரென்பை ராவுத்தர்:
‘கொ’, ‘கோ’ உடைவது ரென்பையின் பழைய பதிப்பால். 8.1 முதல் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் ஷேப்பர் உண்டு, கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். கூடவே நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஓர் எழுத்துருவை கேம் ஃபோல்டரில் போட்டு இயல்பு எழுத்துருவாக்குங்கள். ரென்பையோடு வரும் டெஜாவூ எழுத்துருவில் தமிழ் கிடையாது, கட்டங்கள்தான் வரும்.

தமிழ் வரி நீளும், வசனப் பெட்டியை மீறும். இரண்டு கிளிக்காக உடைத்தால் இரண்டாவதில் குரல் அறுந்துவிடும். அந்த இரண்டாவது வரிக்கு முன்னால், குரலைத் தொடர வைக்கும் ‘வாய்ஸ் சஸ்டெய்ன்’ கட்டளையைக் கொடுங்கள்.