'ஸ்கவர்' வினைச்சொல்: இலக்கிய எடுத்துக்காட்டுகள் தேவை

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலருக்கு ஆங்கில இலக்கியம் சொல்லித்தருகிறேன். அழுக்குப் போகத் தேய்ப்பதையும் ஓர் இடத்தைச் சல்லடை போட்டுத் தேடுவதையும் குறிக்கும் 'ஸ்கவர்' (scour) என்னும் ஆங்கில வினைச்சொல் இலக்கியத்தில் எப்படி ஆளப்படுகிறது என்று ஒரு பாடம் தயாரித்து வருகிறேன்.

தேய்த்து அகற்றும் பொருளுக்குச் சான்றுகள் வளமாக இருக்கின்றன. 'மேக்பெத்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், ஆங்கிலேயப் படையை விரட்ட எந்தப் பேதி மருந்து உதவும் என்று மன்னன் மருத்துவரைக் கேட்கிறான். அங்கே வருவது இந்தச் சொல்தான். படையெடுத்து வந்தவர்களை வயிற்றுக் கழிவாக்கிவிடும் அந்தத் துணிச்சலை எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன்! 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின், டோல்கீன் 1955இல் வெளியிட்ட இறுதிப் பாகத்தில், கதைநாயகர்களின் சொந்த ஊரான ஷையரைக் கொடியவர்களிடமிருந்து மீட்கும் அத்தியாயத்தின் தலைப்பிலும் இது இருக்கிறது. அலெக்சாண்டர் போப்பின் 1711ஆம் ஆண்டுக் கவிதையில் கமில்லா என்னும் வீராங்கனை சமவெளியில் விரைந்தோடுவதற்கும் இதே சொல்.

தேடுதல் என்னும் பொருளில்தான் மனத்தில் நிற்கும் வரி இன்னும் சிக்கவில்லை. காணாமற்போனவரைத் தேடி ஊரையே அலசும் காட்சியில் இந்தச் சொல்லை எந்த நாவலிலாவது, சிறுகதையிலாவது பார்த்திருந்தால் நூலின் பெயரையும் அத்தியாயத்தையும் தயவுசெய்து சொல்லுங்கள். சிங்கப்பூர் எழுத்தாளர்களின் ஆங்கிலப் படைப்பு என்றால் மாணவர்கள் இன்னும் ஒட்டுதலோடு படிப்பார்கள். நூலகத்தில் எடுத்து நானே சரிபார்த்துக்கொள்கிறேன்.