வரையும் பிள்ளைகளின் அருகில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்

நாகையில் தன்னார்வலராக இருந்தவர்:

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில், நாகப்பட்டினம் அருகே ஒரு தற்காலிகக் குடியிருப்பில் மாலைதோறும் பிள்ளைகளுக்குத் தாளும் கிரேயானும் கொடுப்போம். பத்து வயதுப் பையன் ஒருவன் யாரிடமும் பேசமாட்டான். தாள் முழுக்கக் கறுப்பையே அழுத்தித் தீட்டுவான். "கடல் நீலம்தானே தம்பி, நீலத்தை எடேன்" என்றார் எங்களில் ஒருவர். அவன் நிமிர்ந்து, "அன்றைக்குக் கறுப்பாகத்தான் வந்தது அக்கா" என்றான். உண்மைதான். அடியில் கிடந்த சேற்றையெல்லாம் வாரிக்கொண்டு வந்த தண்ணீர் அது. எத்தனையோ பேர் கேட்டும் வராத பேச்சு அந்தத் தாளின் மேல் தொடங்கியது. பிறகு அப்பாவின் படகைப் பற்றிச் சொன்னான், தங்கையைப் பற்றிச் சொன்னான். படம் மட்டுமே அவனைத் தேற்றியது என்று சொல்லமாட்டேன். ஆலோசகர் வந்தார், பாட்டி இரவும் பகலும் கூடவே இருந்தார். ஆனால் கறுப்பு வண்ணத்தைக் கண்டதுமே பிள்ளையின் மனதுக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. "இதில் என்ன நடக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்:

தலையிலிருந்தே கையும் காலும் முளைத்த மனிதர்களைப் பிள்ளை வரைகிறதே என்று தாய்மார்கள் கலங்குகிறார்கள். மூன்று, நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் வரைவார்கள். உடல் பிறகு தானாக வரும். திருத்தாதீர்கள். இன்னொன்று, உடைந்த கிரேயான் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். நீளமானதைக் கைமுட்டியால் பிடிக்கும் பிள்ளை, சின்னத் துண்டை விரல் நுனிகளால்தான் பிடித்தாக வேண்டும். பின்னால் பென்சில் பிடிக்க அந்த விரல்கள்தான் வேண்டும்.

பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்:

என் மகளின் பள்ளியில் டிராயிங் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவள் இதயத்தின் அறைகளை வரைந்து வரைந்துதான் உயிரியல் படிக்கிறாள். வரைந்த பாடம் மறப்பதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்விலும், சொற்களை எழுதியவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வு நெருங்கும் இரவுகளில், எரிச்சலோடு எழுந்து போகிறவள் அரை மணி நேரம் ஏதாவது வரைந்துவிட்டு அமைதியாகத் திரும்பி வருகிறாள். அந்த பீரியடைத் திருப்பித் தரும்படி அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு நடக்கிறதா?