நம்ம தண்டையார்பேட்டை குடும்பம்

செல்வி சித்தி, காலை 7:12
கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் மறுபடி புகை. மாடியில துணி காயப்போட்டவங்க எடுத்துடுங்க. பாப்பா ராத்திரியெல்லாம் ஒரே இருமல்.

பெரியப்பா, 7:20
எல்லாம் ஜனத்தொகை பண்ற வேலை செல்வி. உலகத்துல 800 கோடி பேர். நாம சைனாவையே தாண்டிட்டோம். இத்தினி பேர் தின்னுட்டு கொட்டினா பூமி எங்க தாங்கும்?

செல்வி சித்தி, 7:21
அடுத்த வாரம் பொண்ணுக்கு வளைகாப்பு வெச்சிக்கினு பேசற பேச்சா மாமா இது 😂

பெரியப்பா, 7:22
அது வேற கணக்கு.

திவ்யா, 7:31
பெரிப்பா, 800 கோடி 2022 நவம்பர்லயே ஆயிடுச்சு. ஆனா தமிழ்நாட்டுல ஒரு பொம்பளைக்கு சராசரி 1.8 குழந்தைதான். 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல வந்தது. குழந்தை குறையுது, குப்பை எங்க குறைஞ்சுது? அமெரிக்கால தலைக்கு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 14 டன் கார்பன் டை ஆக்சைடு. நமக்கு 2 டன். அங்க ரெண்டு குழந்தை பொறந்தா இங்க ஒரு சந்தே பொறந்த மாதிரி.

கார்த்தி, 7:34
அதுக்காக நாம யோக்கியமா? மொத்தமா பாத்தா சைனா, அமெரிக்காவுக்கு அடுத்து நாமதான். 140 கோடி பேர் கீறதாலதான அது? அப்பா சொல்றதுலயும் பாயிண்ட் கீது.

திவ்யா, 7:43
கீது, இல்லன்னு சொல்லல. தண்ணில அது நல்லாவே தெரியும். 2019ல புழல் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல கொண்டாந்தாங்களே, ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். அதுக்கு ரொம்ப முன்னாடியே மீஞ்சூர் பக்கம் ஊருக்கும் வயலுக்கும் ஆலைக்கும்னு நிலத்தடித் தண்ணிய உறிஞ்சி, கடல் தண்ணி உள்ள ஏறிடுச்சு. அப்புறம் அந்தப் பக்கமே 2010ல கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கற ஆலை. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். அது ஓட கரண்ட் வேணும். கரண்டுக்கு அத்திப்பட்டுல நிலக்கரி எரியணும்.

செல்வி சித்தி, 7:47
அந்த சாம்பல் கொசஸ்தலை ஆத்துக்கு. எங்கப்பா காலத்துல எண்ணூர் முகத்துவாரத்துல இறால் அள்ளிக்கினு வருவாங்க. இப்ப வலைல சேறுதான். கொடுங்கையூர்ல கொட்டறதும் நம்ம வீட்டுக் குப்பை மட்டுமா? அண்ணா நகர் குப்பையும் இங்கதான் வருது. அவங்க வாங்கறாங்க, நாம மோந்து பாக்கறோம்.

பெரியப்பா, 7:49
நம்ம வீட்லயும் ரெண்டு ஏசி ஓடுது. அதையும் சேத்து சொல்லு.

கார்த்தி, 7:49
ஒண்ணு உங்க ரூம்ல. 18ல 🙈

அம்மா, 7:52
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அம்மா, 7:53
சண்டைய அப்புறம் போடுங்க. மண்டபத்துக்கு தண்ணி பாட்டில் எவ்ளோ சொல்றது?

பெரியப்பா, 7:54
300 பேர் வருவாங்க. 500 பாட்டில் சொல்லிடு.

திவ்யா, 7:54
பெரிப்பா!!!

செல்வி சித்தி, 7:56
20 லிட்டர் கேன் எறக்கி எவர்சில்வர் டம்ளர் வெச்சா ஆச்சு. பாத்திரக்கடைல வாடகைக்கு குடுக்கறாங்க.

பெரியப்பா, 7:57
கழுவறது யாரு?

அம்மா, 8:02
சமையல்காரர்கிட்ட கேட்டுட்டேன். ரெண்டு ஆள் அனுப்பறாராம். பாட்டிலுக்கு ஆகறதவிட கம்மிதான்.

பெரியப்பா, 8:05
சரி, கேனே போடுங்க. மேடைப் பக்கம் மட்டும் ரெண்டு டஜன் பாட்டில் இருக்கட்டும்.

திவ்யா, 8:05
அது எதுக்கு?

பெரியப்பா, 8:06
சம்மந்தி வராங்கம்மா.